காசின் தரமும் தரமிடுவோர் தகுதியும்

பழங்காசுகளைத் தேடித் திரட்டுதல் பல நாடுகளிலும் கற்றோர்க்கும் செல்வர்க்கும் உரிய பொழுதுபோக்காக நெடுங்காலம் இருந்து வந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, அது கடந்த நாற்பது ஆண்டுகளில் பெருவாணிகமாகவே வளர்ந்துவிட்டது. அவ்வாணிகத்திற்கு அச்சாணியாய் நிற்பன காசுகளுக்குத் தரமிடும் நிறுவனங்கள். ஒரு காசினைக் கட்டணத்துடன் அவற்றிற்கு அனுப்பினால், அது மெய்க்காசோ போலியோ என ஆராய்ந்து, 1 முதல் 70 வரையுள்ள எண்களுள் ஒன்றை அதற்குத் தரமாக வழங்கி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பேழையில் வைத்து மூடித் திருப்பி அனுப்புவர். நம் கல்லூரி நண்பர் சிலரும் இணையத்தின் வாயிலாக இத்தகைய பேழைக் காசுகளை வாங்கத் தலைப்பட்டிருப்பதால், இந்நிறுவனங்களுள் எதனை, எவ்வகைக் காசிற்கு, எவ்வளவு நம்பலாம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

காசினை ஆராய்ந்து தேர்தல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. புறநானூற்றுப் புலவர் வரிசையில் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார் என்னும் பெயர்களைக் காண்கிறோம். வண்ணக்கன் என்பான் நாணய சோதகன். அவன் பார்த்தது பொன்னின் மாற்றும் எடையும். அவற்றை உரைகல்லும் தராசும் கூறிவிடும். இக்காலத்துத் தரமிடுவோன் பார்ப்பதோ காசின் தேய்வு, அதன் மேற்பட்ட தழும்புகள், அச்சழுத்தம், ஒளி, கண்ணுக்கினிய தோற்றம் ஆகியவை. இவற்றிற்கு உரைகல் இல்லை. பழகிய கண்ணே அளவுகோல். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றி மேற்கூறப்போவன விளங்கா.

எழுபது என்னும் எண் எங்ஙனம் வந்தது? வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்க அறிஞர் 1949-ஆம் ஆண்டு தம் நாட்டின் பழைய செப்புச் சென்டுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மிகத் தேய்ந்த காசு 1 டாலர் பெறுமாயின் குறையற்ற காசு 70 டாலர் பெறும் என்பது அவர் கண்ட கணக்கு. அக்கால விலைநிலைக்கு ஒருவாறு பொருந்திய இக்கணக்கு விரைவில் பொய்த்துப் போயிற்று. எண்கள் மட்டும் நிலைத்து, பிற்காலத்தில் எல்லா அமெரிக்கக் காசுகளுக்கும் உரியவாயின. இவ்வறிஞரே அமெரிக்க நாணயவியற் கழகத்தின் தொகுதியிலிருந்த நல்ல சென்டுகளை எடுத்துக்கொண்டு தம்முடைய தாழ்ந்த காசுகளை அவற்றிற்கு மாற்றாக வைத்தார் என்பது அவர் இறந்த பின்னர் வெளிப்பட்டது. தரமறிந்த கண் நேர்மையுள்ள கையோடு கூடியிருத்தல் வேண்டுமென்னும் நியதியில்லை போலும்!

இன்று 60 முதல் 70 வரையுள்ள எண்கள் வழக்கில் வழங்காத புதுக்காசுகளுக்கு உரியன. அதற்குக் கீழ்ப்பட்டவை தேய்வுற்றவற்றிற்கு உரியன. இவ்வெல்லையில் நிற்கும் காசின் நிலை வியப்பிற்குரியது. 1884-இல் சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அச்சிட்ட வெள்ளி டாலர்கள் 32 இலட்சம். தேய்ந்த நிலையில் அவை எளிதிற் கிடைப்பன, பெருவிலை பெறாதன. தேய்வே அறியாத அதே டாலர் மிகவும் அரிது; பல்லாயிரம் டாலர் விலை பெறுவது. கழுகின் மார்பிலோ மங்கையின் கன்னத்திலோ ஒரு மெல்லிய உராய்வு உண்டா இல்லையா என்பதே இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேற்றுமை. விற்பவன் இல்லையென்பான், வாங்குபவன் உண்டென்பான். இருவர்க்கும் நடுநின்று கூறும் மூன்றாமவன் ஒருவன் தேவைப்பட்டான்.

அமெரிக்க நாணயவியற் சங்கம் 1972-இல் காசின் மெய்ம்மையை ஆராய்ந்து சான்று வழங்கத் தொடங்கி, 1979-இல் தரமும் கூறலாயிற்று. அதுவே ஏ.என்.ஏ.சி.எஸ். என்பது; 1990-இல் சங்கம் அதனைப் பிறருக்கு விற்றுவிட்டது. 1986-இல் கலிபோர்னியாவில் தொழில் தொடங்கிய பி.சி.ஜி.எஸ். நிறுவனம், காசினைப் பேழையில் அடைத்து, தான் இட்ட தரத்திற்குப் பண ஈடும் உறுதி கூறியது. மறு ஆண்டில் என்.ஜி.சி. தோன்றியது, இன்று அது புளோரிடாவிலுள்ளது. சந்தையில் மிகுந்த மதிப்புப் பெற்றவை பின்னைய இரண்டுமே. 

அவ்விரண்டின் மதிப்பிற்கும் காரணம் அவர்தம் கண்களின் கூர்மை மட்டுமன்று. தாம் கூறியது தவறாயின் அத்தவற்றிற்குத் தம் பணத்தையே பிணையாக வைப்பதுதான் தலையாய காரணம் என்பது நம் கருத்து. போலியை மெய்யென்றோ, தாழ்ந்ததை உயர்ந்ததென்றோ கூறியிருப்பின் உரியவருக்கு ஈடு செய்வதாக அவை வாக்களிக்கின்றன. ஆகவே, ஒரு நிறுவனத்தைத் தேர்பவர் முதலிற் படிக்க வேண்டியது அதன் விளம்பரத்தையன்று. அவ்வுறுதிமொழியின் வாசகத்தையும் அதிலுள்ள விலக்குகளையுமே. செப்புக் காசின் செந்நிறம் நாளடைவில் மாறுவது இத்தகைய விலக்குகளுள் ஒன்று. ஈடு ஒன்றும் கூறாது 70, 69 என வாரி வழங்கும் பேழைகளும் சந்தையில் உண்டு. அவற்றின் மேலுள்ள எண்ணை எண்ணென்றே கொள்ளாது, உள்ளிருக்கும் காசினை மட்டும் நோக்கி விலை பேசுதல் தகும்.

பண ஈடு இருப்பினும் தரம் என்பது அபிப்பிராயமே. ஒரு காசினை ஒருவர்க்கு மேற்பட்டோர் தனித்தனியே நோக்கி, அதற்குரியவர் இன்னார் என அறியாமலே எண்ணிடுகின்றனர். ஆயினும் அதே காசு மீண்டும் சென்றால் வேறோர் எண்ணுடன் திரும்புதல் உண்டு. இதனால் பேழையை உடைத்துக் காசினை மறுபடியும் அனுப்பிப் பார்ப்பதையே சிலர் தொழிலாகக் கொண்டுள்ளனர். தரமிடுதல் முற்றும் புறநிலையானது என்னும் கருத்துப்பட விளம்பரம் செய்ததாகப் பி.சி.ஜி.எஸ். மீது அமெரிக்க அரசின் வாணிக ஆணையம் 1990-இல் குற்றஞ்சாட்ட, அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. மேலும், இவ்விரு நிறுவனங்களின் பேழைகளையும் மீளாய்ந்து, அத்தரத்திற்கு உறுதியாகத் தகுதியுடையவற்றிற்குப் பச்சை ஒட்டுச்சீட்டு ஒட்டும் சி.ஏ.சி. என்னும் நிறுவனம் 2007-இல் தோன்றியது. தரமிட்டோரைத் தரமிடவும் ஒருவர் வேண்டியிருந்தது! அதுவும் 2023 முதல் தானே தரமிடும் தொழிலில் இறங்கிவிட்டது.

இனி, காசினைப் பொறுத்தே நிறுவனத்தைத் தேர்தல் வேண்டும். 1893-இல் சான்பிரான்சிஸ்கோவில் அச்சிட்ட டாலர்கள் 1,00,000 மட்டுமே. அவ்வாண்டில் பிலடெல்பியாவில் அச்சிட்டவை இவற்றினும் மலிவு. அவற்றின் பின்புறத்தில் 'எஸ்' என்னும் எழுத்தை ஒட்டி ஏமாற்றுவோர் பலர். இத்தகைய காசினை உயர்ந்த நிறுவனத்தின் பேழையிலன்றி வாங்குதல் பேதைமை. 1921-இல் பிலடெல்பியாவில் அச்சிட்ட டாலர்களோ 4 கோடிக்கு மேற்பட்டவை. தேய்ந்த ஒன்றிற்குத் தரமிடுவிக்கும் கட்டணமும் அஞ்சற் செலவும் காப்புறுதியும் சேர்ந்தால் காசின் விலையையே விழுங்கிவிடும். அதற்கு எந்நிறுவனமும் வேண்டா. கிரேக்க, உரோமப் பழங்காசுகளுக்கு எழுபது எண் பொருந்தாது. என்.ஜி.சி. அவற்றின் தேய்வைச் சொல்லாற் குறித்து, அச்சழுத்தத்திற்கும் பரப்பிற்கும் ஐந்திற்கு இத்தனையென மதிப்பிடுகிறது. ஆனால் பழங்காசுகளின் மெய்ம்மைக்கு அது பண ஈடு கூறுவதில்லை. பேழையைக் கண்டவுடன் ஈடும் உண்டென்று கருதி மயங்கற்க.

தரமிட அனுப்புமுன் காசினைத் துலக்குதல் பெருங்கேடு. வெள்ளியைத் திருநீறிட்டும் செம்பைப் புளியிட்டும் தேய்த்தல் நம் வீடுகளில் வழக்கம். குத்துவிளக்கிற்கு அது தகும், காசிற்குத் தகாது. நுண்ணிய கீறல்களும் செயற்கையான பளபளப்பும் உருப்பெருக்கியில் உடனே தெரியும். அங்ஙனம் துலக்கிய காசினுக்கு எண் வழங்காது, 'துலக்கப்பட்டது' என்னும் குறிப்புடன் திருப்பி விடுவர். இழந்த மதிப்பை அதன்பின் எவ்வாற்றானும் மீட்கவியலாது.

பேழைகளிலும் போலிகள் உலவுகின்றன. பேழைமேலுள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒப்புநோக்கலாம். ஆனால் மெய்யான பேழையின் எண்ணையே போலியின்மேற் பொறிப்பதும் உண்டு. எண் பொருந்துவதோடு அமையாது, அங்குப் படம் இருப்பின் அதிலுள்ள தழும்புகளும் கறைகளும் கையிலுள்ள காசில் அவ்வவ்விடத்தே உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டவர்க்குத் தனியே கூறவேண்டியது ஒன்றுண்டு. பாட்டனார் பெட்டியிலிருந்த விக்டோரியா ரூபாயையோ, சோழர் செப்புக் காசையோ மேற்கூறிய அமெரிக்க நிறுவனங்களுக்கு அனுப்ப விழைவோர், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தை அறிதல் வேண்டும். 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய காசு அச்சட்டப்படி தொல்பொருள். மைய அரசோ அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ அன்றித் தனியார் எவரும் அதனை நாடு கடத்தலாகாது. மீறுவோர்க்கு ஆறு மாதத்திற்குக் குறையாது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தரமறிய அனுப்புவதாயினும், மீண்டும் வந்துவிடும் என்றாலும், எல்லை கடப்பது கடப்பதே. ஆகலின் அத்தகைய காசுகளுக்கு உரிய வழி, எடையும் விட்டமும் நுண்ணிதின் அளந்து, அச்சிட்ட பட்டியல்களோடு ஒப்பிட்டு, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுதி போன்றவற்றைக் கண்டு கண் பழகுதலே. விலை கொடுத்து வாங்குவதாயின், போலியெனத் தெரிந்தால் பணம் திருப்பித் தருவதாக எழுத்தில் ஒப்பும் வணிகரிடம் மட்டும் வாங்கி, அந்தச் சீட்டைக் காசோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.