மது விளம்பரத் தடையும் மதுநுகர்வும்: ஒரு விளக்கம்

முன்னுரை

மது விளம்பரத்தைத் தடை செய்தால் குடிப்பழக்கம் குறையுமா என்னும் வினா அரை நூற்றாண்டாக ஆராயப்பட்டு வருகிறது. தடையால் பயனில்லை என்போர் கனடா நாட்டின் இரு நிகழ்வுகளைச் சான்று காட்டுவதுண்டு. அவை எதனை நிறுவுகின்றன, எதனை நிறுவவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கனடாவின் இரு சான்றுகள்

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1971ஆம் ஆண்டு மது விளம்பரங்களைத் தடை செய்தது. 14 மாதங்கள் நீடித்த அத்தடையால் மதுநுகர்வு குறைந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் பிற மாகாணங்களிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த இதழ்களிலும் ஒளிபரப்புகளிலும் விளம்பரங்கள் தொடர்ந்து இடம்பெற்றன. எனவே, விளம்பரமே இல்லாத சூழல் அங்கு உருவாகவில்லை.

சஸ்காச்சுவான் மாகாணத்தில் இதற்கு நேர்மாறானது நிகழ்ந்தது. அங்கு நெடுங்காலம் நடைமுறையில் இருந்த தடை 1983இல் நீக்கப்பட்டது. அதன்பின் பீர் விற்பனை உயர்ந்தது. காய்ச்சி வடித்த மதுவகைகளின் விற்பனை குறைந்தது. மொத்த நுகர்வில் மாற்றம் காணப்படவில்லை.

மொத்த விற்பனை என்னும் அளவுகோல்

இவ்விரு முடிவுகளும் மாகாணத்தின் மொத்த நுகர்வையே அடிப்படையாகக் கொண்டவை. நெடுநாளாகக் குடிப்பவர்கள் வாங்கும் மதுவே அத்தொகையின் பெரும்பகுதியாகும். புதிதாகக் குடிக்கத் தொடங்கும் பதின்பருவத்தினர் சிலர் கூடினாலும் குறைந்தாலும் அது அத்தொகையில் எளிதில் புலப்படாது. இளையோரைத் தொடர்ந்து கண்காணித்த 13 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் ஒரு மதிப்பாய்வு வெளியானது. விளம்பரங்களை மிகுதியாகக் கண்டோர் குடிக்கத் தொடங்கும் வாய்ப்பும், முன்பே குடிப்போர் மேலும் குடிக்கும் வாய்ப்பும் கூடுதலாக இருப்பதை அது காட்டியது. எனினும், இத்தொடர்பு மட்டுமே காரணகாரிய உறவை முழுமையாக மெய்ப்பிக்காது. 2014இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வும், தடையைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ வலுவான சான்று இல்லை என்றே கூறியது.

இந்தியாவில் மறைமுக விளம்பரம்

தடையில் இடைவெளி இருப்பின் விளைவது யாது என்பதற்கு இந்தியா எடுத்துக்காட்டாகும். இங்குக் கேபிள் தொலைக்காட்சி விதிகள் மது விளம்பரத்திற்கு இடமளிப்பதில்லை. ஆயினும், மதுவின் பெயரையும் சின்னத்தையும் தாங்கிய சோடா, குடிநீர், இசைத்தட்டு ஆகியவற்றின் விளம்பரங்கள் வழியே மது நினைவூட்டப்பட்டு வந்துள்ளது. தடை நடைமுறையில் இருக்கும்போதே சிறுவரும் காணும் திரையில் அப்பெயர் இடம்பெற்றுவிடுகிறது.

முடிவுரை

மொத்த விற்பனை குறையவில்லை என்பதால் தடை பயனற்றது எனல் பொருந்தாது. தடை ஒன்றே குடியைக் குறைத்துவிடும் எனலும் பொருந்தாது. மதுவின் மீதான வரியை உயர்த்துதல், அது கிடைக்கும் இடத்தையும் நேரத்தையும் வரையறுத்தல் ஆகியவற்றோடு விளம்பரக் கட்டுப்பாட்டையும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இனிவரும் ஆய்வுகள் எத்தனை லிட்டர் மது விற்றது என்பதோடு, எவ்வயதில் எத்தனை பேர் குடிக்கத் தொடங்கினர் என்பதையும் அளத்தல் வேண்டும். தடையின் பயனை மதிப்பிட அதுவே பொருத்தமான வழியாகும்.