பழைய ரேடியோவும் முன்னவர் பார்த்த ரிப்பேரும்

மகாளய அமாவாசை நெருங்கினால் கொல்கத்தாவில் பரண்களிலிருந்து ரேடியோக்கள் இறங்கும். விடியற்காலை 4 மணிக்கு 'மகிஷாசுர மர்தினி' கேட்க வேண்டுமே! 1931-ல் தொடங்கிய நிகழ்ச்சி அது. பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரலுக்கு நம் தமிழ்க் குடும்பங்களிலும் ரசிகர்கள் உண்டு.

அதற்காகவே லேக் மார்க்கெட் பக்கத்து நண்பர் ஒருவர், பழைய சாமான் கடையில் வாங்கிய வால்வு செட் ஒன்றை என்னிடம் கொண்டு வந்தார். "ஆறு மாசத்தில் ரெண்டு வால்வு போயிடுத்து சார். தொட்டால் கொஞ்சம் ஷாக் வேறு அடிக்கிறது" என்றார். கொஞ்சமாம்! வீட்டில் நாலு வயதுப் பேரன் இருக்கிறான்.

செட்டைத் திறக்குமுன் ஊரின் கதையைச் சொல்ல வேண்டும். 1899-ல் இந்நகருக்கு வந்த மின்சாரம் டி.சி. ஏ.சி. வந்த பிறகும் சில பகுதிகளில் நெடுங்காலம் டி.சி.யே ஓடியது. டி.சி.யில் ட்ரான்ஸ்பார்மர் வேலை செய்யாது. ஆகவே இரண்டிலும் பாடும் செட்டுகள் இங்கே விற்றன. அவற்றில் வால்வுகளின் ஹீட்டர்கள் கோயில் சீரியல் பல்பு மாதிரி ஒரே வரிசையில் இருக்கும். எல்லாவற்றிலும் ஓடுவது அதே 0.1 ஆம்பியர். இந்தச் செட்டில் யு.எல்.41-க்கு 45 வோல்ட், யு.ஒய்.41-க்கு 31, மற்ற மூன்றுக்கும் 14, 14, 12.6, மொத்தம் 116.6. மீதியை ஒரு பெரிய ரெசிஸ்டர் சூடாகி விழுங்கிவிடும்.

முன்பு ரிப்பேர் பார்த்தவர், கெட்டுப்போன யு.ஒய்.41-ஐப் பிடுங்கிவிட்டு டயோடு ஒன்றைப் போட்டிருந்தார். அதில் தவறில்லை. ஆனால் அந்த வால்வின் ஹீட்டர் இருந்த இடத்தில் வெறும் கம்பியால் இணைத்துவிட்டார். அது சுமந்த 31 வோல்ட் மற்றவர்கள் தலையில் ஏறியது. மீட்டரில் பார்த்தால் 115 மில்லி ஆம்பியர்! வால்வுகள் தாங்குமா?

31-ஐ 0.1-ஆல் வகுத்தால் 310 ஓம்ஸ். சாந்தினி மார்க்கெட்டில் 310 கேட்டால் சிரிப்பார்கள். 330 ஓம்ஸ், 10 வாட்ஸ் வாங்கிக் கம்பியின் இடத்தில் போட்டேன். வால்வை விட டயோடு அதிக வோல்டேஜைத் தள்ளிவிடும் என்பதால், அதனுடன் தொடராக 150 ஓம்ஸ் ஒன்றும் சேர்த்தேன்.

இனி ஷாக். இவ்வகை செட்டில் மெயின்ஸின் ஒரு கம்பி நேராக சாசிஸில்தான் சேரும். மரப்பெட்டி, பிளாஸ்டிக் குமிழ், பின்மூடி மூன்றும்தான் பாதுகாப்பு. முன்னவரோ டேப் ரிக்கார்டருக்காக உலோக சாக்கெட் ஒன்றைச் சாசிஸிலேயே முடுக்கி, பின்மூடியையும் தொலைத்திருந்தார். இரண்டு பின் பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் டெஸ்டர் எரியவில்லை. திருப்பிச் செருகினால் பளிச்சென்று எரிந்தது. சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, ஹார்ட்போர்டில் புது மூடி போட்டேன். 230-க்கு 230 தரும் தனிப்படுத்தும் ட்ரான்ஸ்பார்மர் ஒன்றையும் வாங்கச் சொன்னேன். சிலர் ஷாக்குக்கு மருந்தாகச் சாசிஸை எர்த் செய்வார்கள். கூடவே கூடாது, பிளக் திரும்பினால் பேஸ் நேரே எர்த்தில் பாயும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கும், ஆகவே பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம்.

ரயில்வேயில் ஒரு கம்பியை மாற்றினாலும் வரைபடத்தில் குறித்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தில், செய்த மாற்றங்களைத் தேதியுடன் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.