குழந்தைப் பெயர் விளையாட்டுகளில் ரசனைப் பொருத்தம்

குழந்தைப் பெயர் விளையாட்டுகளில் ரசனைப் பொருத்தம் என்பது, இணையத்தில் பெயர்களைப் பார்த்து விருப்பமும் மறுப்பும் தெரிவிக்கும் ஆட்டக்காரர்களுள் ஒத்த ரசனை உடையோரைக் கணினி கண்டறிந்து இணைக்கும் முறை ஆகும். ஒருவர் விரும்பிய பெயர், அவரோடு ஒத்த ரசனை உடைய மற்றொருவருக்குப் பரிந்துரைக்கப்படும். பெயரின் பொருளையோ மொழியையோ கணினி அறிய வேண்டியதில்லை. யார் எதை விரும்பினர் என்னும் பதிவே போதுமானது. கணினியியலில் இது கூட்டு வடிகட்டல் எனப்படும் பொது முறையின் ஒரு பயன்பாடாகும்.

தோற்றம்

கூட்டு வடிகட்டல் என்னும் பெயர், செராக்சு நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் உருவான டாபெசுட்ரி என்னும் மின்னஞ்சல் அமைப்பைப் பற்றி 1992 இல் வெளியான கட்டுரையின் வழியே பரவியது. அவ்வமைப்பில் யாருடைய கருத்தைப் பின்பற்றுவது என்பதைப் பயனரே குறிப்பிட வேண்டியிருந்தது. 1994 இல் வெளிவந்த குரூப்லென்சு, யூசுநெட் செய்திக் குழு வாசகர்கள் அளித்த 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்களை ஒப்பிட்டு, ஒத்த வாசகர்களைத் தானே தேடிக் கண்டது. ரசனைப் பொருத்தத்தின் உண்மையான தொடக்கம் இதுவே எனலாம்.

பெயர்களைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 2005 இல் வெளியான நேம்வாயேசர் குறிப்பிடத்தக்கது. பெயர்கள் பத்தாண்டுகள்தோறும் ஏறி இறங்குவதை வரைபடமாகக் காட்டிய இக்கருவியை, குழந்தையை எதிர்பார்த்திராதவர்களும் ஒரு விளையாட்டைப் போலப் பயன்படுத்தினர். செருமனியின் காசல் பல்கலைக்கழகத்தில் உருவான நேம்லிங் என்னும் பெயர்த் தேடு தளத்தின் பதிவுகளைக் கொண்டு, ஒருவர் அடுத்து எந்தப் பெயரைத் தேடுவார் என்று கணிக்கும் போட்டி 2013 இல் நடத்தப்பட்டது.

கணிக்கும் முறை

இருவருக்கும் பொதுவான பெயர்களை எண்ணினால் போதும் என்று தோன்றும். அது பிழையான முடிவைத் தரும். ‘அ’ என்னும் ஆட்டக்காரர் 12 பெயர்களை விரும்பியுள்ளார் என்று கொள்வோம். ‘ஆ’ விரும்பியவை 10. அவற்றுள் 6 பெயர்கள் ‘அ’ விரும்பியவை. ‘இ’ விரும்பியவை 30. அவற்றுள் 8 பெயர்கள் ‘அ’ விரும்பியவை. எண்ணிக்கையின்படி ‘இ’ நெருங்கியவர். ஆனால் பொதுவான பெயர்களை இருவரும் விரும்பிய மொத்தப் பெயர்களால் வகுத்தால், ‘ஆ’வுக்கு 6/16, அதாவது 0.375 கிடைக்கும்; ‘இ’க்கு 8/34, ஏறத்தாழ 0.24 மட்டுமே கிடைக்கும். கண்ட பெயரையெல்லாம் விரும்புபவர் எல்லோருக்கும் நண்பராகத் தோன்றுவதை இவ்வகுத்தல் தடுக்கிறது.

இதனினும் முதன்மையானது அரிய பெயர்களின் எடை. ஆயிரம் பேர் ஆடும் விளையாட்டில் ஐந்நூறு பேர் விரும்பிய பெயரை இருவர் ஒருங்கே விரும்புவதால் அவர்களைப் பற்றி அதிகம் தெரிந்துவிடாது. எட்டே பேர் விரும்பிய பெயரை இருவரும் விரும்பினால் அது வலுவான சான்று. மொத்த ஆட்டக்காரர் எண்ணிக்கையை விரும்பியோர் எண்ணிக்கையால் வகுத்து, அதன் இரண்டடிமான மடக்கையை எடையாகக் கொள்வது ஒரு வழக்கம். அதன்படி முதற்பெயரின் எடை 1. இரண்டாம் பெயரின் எடை ஏறத்தாழ 7.

மறுத்த பெயரும் பார்க்காத பெயரும் ஒன்றல்ல. இரண்டையும் ‘விரும்பவில்லை’ என்று பதியும் விளையாட்டு, புதிய ஆட்டக்காரரை எல்லாப் பெயர்களையும் வெறுப்பவராகக் கருதிவிடும்.

தமிழ்ப் பெயர்களில் எழும் சிக்கல்கள்

ஒரே பெயர் பல எழுத்துக்கூட்டல்களில் வருவது முதற்சிக்கல். ஹரிணி, அரிணி என்பவற்றையும் ஸ்ரீநிதி, சிறீநிதி என்பவற்றையும் ஒன்றாக்கினால் ஒரே பெயருக்கான வாக்குகள் சிதறாமல் சேரும். ஆயின் கிரந்த எழுத்தை விலக்குவதே சில பெற்றோரின் ரசனை. மறைமலை அடிகள் 1916 இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழி வந்த இத்தேர்வை, எழுத்துக்கூட்டலைச் சீராக்கும் நிரல் துடைத்துவிடுகிறது. தமிழ் விளையாட்டொன்றில் இவ்வடிவங்களைத் தனித்தனியே வைத்து, அவற்றுக்கிடையே உறவை மட்டும் குறிப்பதே பொருத்தமானது.

அடுத்தது, விருப்பம் போலத் தோன்றும் கட்டுப்பாடு. 27 நாள்மீன்களுக்கும் பாதத்துக்கு ஒன்றாக நான்கு எழுத்துகள் கொள்வது சோதிட வழக்கம். அசுவினிக்குச் சு, சே, சோ, ல ஆகியவை உரியன. அசுவினியில் பிறந்த குழந்தைக்குப் பெயர் தேடும் இருவர் ‘சு’ எனத் தொடங்கும் பெயர்களையே தேர்ந்தால், கணினி அவர்களை ஒத்த ரசனையினர் என்று முடிவு செய்யும். உண்மையில் ஒத்திருப்பது பிறந்த நாள்மீன் மட்டுமே. எனவே எழுத்துக் கட்டுப்பாட்டை முதலிலேயே கேட்டறிந்து, அதற்குள் நிகழும் தேர்வுகளை மட்டும் ஒப்பிட வேண்டும்.

ஆத்தூர்ப் பகுதி எடுத்துக்காட்டு

திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர், காமராசர் அணையை ஒட்டிய ஊர். சேலம், தூத்துக்குடி மாவட்டங்களிலும் ஆத்தூர்கள் உள்ளன. பெயர் ஒன்றாயினும் ஊர் வேறு. ஒருவரது ஊர்ப்பெயரை மட்டும் கொண்டு அவரை வகைப்படுத்த முயலும் நிரல் இங்கேயே தடுமாறும்.

இப்பகுதியின் மூத்த தலைமுறையில் பழனிச்சாமி, பழனியம்மாள், கருப்பசாமி, முனியாண்டி போன்ற பெயர்களும், கிறித்தவர்களிடையே சவரிமுத்து, ஆரோக்கியசாமி, அந்தோணியம்மாள் போன்றவையும் காணப்படுகின்றன. பாட்டனின் பெயரைப் பெயரனுக்கு இடுவது பழைய வழக்கம். பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. மாமனாரின் பெயரை மருமகள் உச்சரிப்பதில்லை என்பதால், அப்பெயரைத் தாங்கிய குழந்தைக்கு வீட்டில் அழைக்க வேறொரு பெயர் வைப்பதும் உண்டு. ஆகவே ஒரு குடும்பம் இரண்டு பெயர்களைத் தேடலாம்: ஒன்று மரபுக்கு, மற்றொன்று ரசனைக்கு. இவ்விரு தேடல்களையும் ஒரே பட்டியலில் கலந்தால் பொருத்தம் குழம்பும்.

தேடலுக்குக் கால எல்லையும் உண்டு. தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை காலதாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும்.

வழக்கொழியும் பெயர்கள்

கூட்டு வடிகட்டலின் பெருங்குறை, எவரும் வாக்களிக்காத பெயரை அதனால் பரிந்துரைக்க இயலாமை. விளையாட்டை ஆடுவோர் பெரும்பாலும் இளம் பெற்றோர். அவர்கள் முனியாண்டி என்னும் பெயரை ஒருமுறையேனும் விரும்பினாலன்றி அது எவர் திரையிலும் தோன்றாது. தோன்றாததால் விருப்பமும் கிடைக்காது. விருப்பம் பெற்ற பெயர்களோ மேலும் மேலும் காட்டப்பட்டு மேலும் விருப்பம் பெறும். ஊர் வழக்கில் இன்னும் உயிரோடுள்ள பெயர், இவ்வாறு விளையாட்டில் இறந்ததாகிவிடுகிறது. இதனைப் பெற்றோரின் தீர்ப்பு எனக் கூறுதல் பொருந்தாது; அவர்கள் அப்பெயரை மறுக்கவில்லை, பார்க்கவே இல்லை.

காட்டப்படும் பெயர்களில் ஒரு பங்கை வாக்குகளைப் பொருட்படுத்தாமல் தற்செயலாகத் தேர்வது இதற்கான எளிய மாற்று. தாத்தா பாட்டியரின் பெயர்களை ஆட்டக்காரரே உள்ளிடச் செய்வது மற்றொன்று. இப்பெயர்கள் அரியவை என்பதால் பொருத்தக் கணக்கில் மிகுந்த எடையும் பெறும்.

தனியுரிமை

அரிய பெயருக்கு எடை கூடுவதிலேயே ஓர் இடர் உள்ளது. நெட்ஃபிளிக்சு நிறுவனம் 2006 இல் அறிவித்த பத்து இலட்சம் டாலர் பரிசுப் போட்டிக்காக, பெயர் நீக்கிய திரைப்பட மதிப்பெண்களை வெளியிட்டது. டெக்சாசு பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் அவற்றைப் பொதுவெளியில் உள்ள திரைப்பட மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு, சிலரை அடையாளம் காண இயலும் என்று காட்டினர். அரிய படங்களே அடையாளத்தை எளிதாக்கின. தனியுரிமை வழக்கு எழுந்த பின், 2010 இல் இரண்டாம் போட்டி கைவிடப்பட்டது.

பெயர்ப் பட்டியல் திரைப்படப் பட்டியலைவிட மிகுதியாக வெளிப்படுத்தும். சமயம், தாய்மொழி, குலதெய்வம், சில வேளைகளில் சாதியும் அதிலிருந்து ஊகிக்கப்படலாம். ஒருவர் அவ்விளையாட்டை ஆடுகிறார் என்பதே, குடும்பத்தார்க்கும் இன்னும் சொல்லாத கருவுறுதலைப் பிறருக்குத் தெரிவித்துவிடக்கூடும். எனவே ‘உங்களோடு ஒத்த ரசனையினர்’ என்று காட்டும்போது, ஆளையும் ஊரையும் காட்டாமல் பரிந்துரைத்த பெயரை மட்டும் காட்டுவது பாதுகாப்பானது. மிகச் சிலரே விரும்பிய பெயரைப் பொருத்தக் கணக்கிற்குப் பயன்படுத்தலாம். இருவரை இணைத்த காரணமாக அதனைத் திரையில் காட்டலாகாது.