பெயரிட்டு அழைத்தலும் குழந்தையின் தன்னுணர்வும்

தான் நல்லவனா தீயவனா என்பதைக் குழந்தை பெரியோர் தன்னிடம் நடந்துகொள்ளும் முறையிலிருந்தே பெரும்பாலும் அறிகிறது. அந்நடத்தையில் ஒரு கூறு சொல். சொல்லுதலும் செயலே என்பதை, 1962இல் ஆஸ்டினின் நூல் வெளிவந்த பின்னர், மொழியியலார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பொய்யுரைத்த மகனைத் தாய் ‘பொய் சொன்னாய்’ என்று கடியலாம். ‘நீ ஒரு புளுகன்’ என்றும் கடியலாம். முன்னது நிகழ்ச்சியைச் சுட்டும் வினைமுற்று; பின்னது ஆளையே சுட்டும் பெயர்.

இவ்வேறுபாட்டைக் குழந்தைகள் உணர்கின்றனர் என்பதைக் கெல்மன், ஹேமன் ஆகியோர் 1999இல் காட்டினர். ஒரு சிறுமி காரட்டை அடிக்கடி உண்பாள் என்று வினையால் கூறியபோதைவிட, அவளுக்கு அதனை ஒரு பெயராகச் சூட்டியபோது, அப்பழக்கம் மாறாதது என ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகள் கருதினர். பிரையனும் பிறரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உதவுமாறு கேட்கப்பட்ட குழந்தைகளைவிட உதவுவோராக இருக்குமாறு கேட்கப்பட்டோர் மிகுதியாக உதவினர். எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. உதவ முயன்று தவறிய பின்னர், பெயர் சூட்டப்பெற்ற குழந்தைகளே கடினமான பணிகளில் பின்வாங்கினர் என்பது ஃபாஸ்டர்-ஹான்சன் குழுவினரின் முடிவு. தவறியது செயல் அன்று, தானே என்று குழந்தை கொள்கிறது போலும்.

இவ்வாய்வுகளைத் தமிழில் பெயர்க்கப் புகுவார்க்கு எழும் இடர் சிறிதன்று. ஆங்கிலத்தின் வினைமுதற்பெயர் காலம் காட்டாது. தமிழில் அதற்கு நேராக முதலில் நினைவுக்கு வருவது வினையாலணையும் பெயர். அதுவோ காலம் காட்டும். ‘உதவியவன்’ என்பது நடந்து முடிந்த ஓர் உதவியோடு நின்றுவிடுகிறது. ‘உதவுபவன்’ என்பதில் எதிர்கால இடைநிலை வழக்கத்தை உணர்த்தினும், வினையின் மணம் முற்றும் நீங்கவில்லை. ‘உதவியாளர்’ எனின் அலுவலகப் பதவியாகிவிடும். காலம் காட்டாத பெயர்கள் தமிழில் இல்லாமல் இல்லை. ஆனால் அவை வேறிடத்தில் உள்ளன. வாயாடி, ஊர்சுற்றி, சோம்பேறி, புளுகன், அழுமூஞ்சி என எண்ணிப் பார்ப்பின் இவற்றுள் பெரும்பாலானவை வசை என்பது புலனாகும். ‘எறும்புதின்னி’ என ஓர் உயிரினத்திற்குப் பெயரிடும் அதே ஆக்கம் ‘சோற்றுத்தின்னி’ என ஒரு சிறுவனையும் ஓர் இனமாக்கிவிடுகிறது. ‘-காரன்’ ஈறும் அத்தகையதே. தோட்டக்காரன் என்னும் தொழிலும் கோபக்காரன் என்னும் குணமும் அதில் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன.

பாராட்டிலும் இச்சிக்கல் உண்டு. அறிவுடைமையைப் புகழ்ந்து பாராட்டப்பட்ட சிறுவர், அம்முறை நன்கு செய்ததற்காகப் பாராட்டப்பட்டோரைவிட மிகுதியாக ஏமாற்றினர் எனச் சீனாவில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று கூறுகிறது. ஆங்கிலத்தில் இப்புகழ்ச்சி பெயரடையாக நிற்கும். தமிழிலோ பெயரடை தனித்துப் பயனிலை ஆகாது. ‘நீ கெட்டிக்காரன்’ என்று பெயராக்கியே தீரவேண்டும். ஆகவே, பெயரடைக்கும் பெயருக்கும் இடையே ஆங்கிலம் காக்கும் இடைவெளி தமிழில் இங்கு அழிந்துபோகிறது.

பழந்தமிழில் ‘நல்லை’, ‘கொடியை’ என முன்னிலைக் குறிப்பு வினைமுற்றுகள் இருந்தன. இன்று ‘நீ கொடியவன்’ என்கிறோம். எழுவாய் முன்னிலை, பயனிலை படர்க்கை. பிறர் தன்னைப் பற்றிப் பேசும் சொல்லையே குழந்தை தன்னை நோக்கிய சொல்லாகக் கேட்கிறது. இஃது என் கருத்தேயன்றி ஆய்வின் முடிவன்று.

சொல்வடிவத்தை மட்டும் திருத்தினால் போதும் என்று கொள்வதும் பொருந்தாது. ஹேஸ், கார்வர் ஆகியோரின் 2014ஆம் ஆண்டு ஆய்வில், பெரியவர் தம்மிடம் பொய் கூறியதை அறிந்த பள்ளி வயதுச் சிறுவர், பின்னர்த் தடையை மீறி ஒளித்துப் பார்ப்பதிலும் அதனை மறைத்துப் பொய்யுரைப்பதிலும் ஏனையோரை விஞ்சினர். கதவைத் தட்டுபவரிடம் ‘அப்பா வீட்டில் இல்லை என்று சொல்’ என ஏவும் தந்தை மகனுக்கு எப்பெயரும் சூட்டவில்லை. அவ்வேவலில் உள்ளவை இரண்டு வினைகள் மட்டுமே.

பெயர்ப்பணியைப் பொறுத்தவரை, உதவுவோராக இருக்கக் கேட்கும் வினாவுக்கு ‘உதவுகிற பிள்ளையாக இருப்பாயா?’ என்பதே இப்போதைக்கு ஏற்றது எனக் கருதுகிறேன். பெயரெச்சம் காலத்தைத் தாங்கினும், ‘பிள்ளை’ என்னும் தலைச்சொல் ஆளைச் சுட்டிவிடுகிறது.