ஜப்பான் வானில் ஓடும் காற்று ஆறு

டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து தோக்கியோவுக்கு விமானத்தில் போனால் ஒன்றைக் கவனியுங்கள். போவதைவிடத் திரும்புவதற்குப் பெரும்பாலும் கூடுதல் நேரம் பிடிக்கும். தூரம் ஒன்றுதான், பிறகு ஏன் இந்த வேறுபாடு?

தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது. அதுதான் ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அதன் வேகம் சில நாள்களில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும்.

இது எப்படி உருவாகிறது? சூடான காற்று விரிந்து உயரும்; குளிர்ந்த காற்று சுருங்கித் தாழும். அதனால் 10 கிலோமீட்டர் உயரத்தில், வெப்பமண்டலப் பக்கம் காற்றழுத்தம் அதிகம். துருவப் பக்கம் குறைவு. காற்று துருவத்தை நோக்கிப் பாய முயல்கிறது. ஆனால் பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் அது வலப்பக்கம் திரும்பிக் கிழக்கு நோக்கி வீசுகிறது.

வெப்ப வேறுபாடு கூடினால் வேகமும் கூடும். கோடையில் வடதுருவத்தின் வெப்பநிலை சுமார் 0 பாகை செல்சியஸ். குளிர்காலத்தில் அங்கே சூரியனே உதிப்பதில்லை. வெப்பநிலை சுமார் மைனஸ் 30 பாகைக்கு இறங்கிவிடும். நம் வட்டாரமோ எப்போதும்போல் 30 பாகையை ஒட்டியே இருக்கும். வேறுபாடு ஏறக்குறைய இரு மடங்கு! அதோடு, சைபீரியாவின் கடுங்குளிரும் பசிபிக் கடலின் வெப்பமும் அருகருகே இருப்பதால், ஜப்பானுக்கு மேலே காற்று இன்னும் வலுக்கிறது.

1920களில் வசபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர், பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றை அளந்தார். உலகம் படிக்கட்டும் என்று, எஸ்பெராண்டோ என்ற பொதுமொழியில் 1926இல் அறிக்கை வெளியிட்டார். அம்மொழி அறிந்தவர்கள் மிகச் சிலரே; அறிக்கை கவனிக்கப்படவில்லை. 1944இல் தோக்கியோமீது குண்டு வீச வந்த அமெரிக்க விமானிகள் இக்காற்றில் சிக்கித் திணறினார்கள். அதே காற்றில் ஜப்பான் சுமார் 9,000 வெடிகுண்டு பலூன்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1945 மே 5ஆம் தேதி, ஒரிகன் மாநிலத்தில் உல்லாசப் பயணம் சென்ற ஒரு பெண்ணும் ஐந்து பிள்ளைகளும் அப்படி வந்த குண்டு வெடித்து மாண்டனர்.

இன்று விமானிகள் இக்காற்றின் வரைபடத்தைப் பார்த்தே பாதையை வகுக்கிறார்கள். காற்றோடு போனால் எரிபொருள் மிச்சம். ஆனால் அதன் ஓரங்களில், மேகமே இல்லாத தெளிந்த வானிலும் விமானம் திடீரெனக் குலுங்கலாம். ஆகவே, விளக்கு அணைந்த பிறகும் இருக்கை வாரை அவிழ்க்காதீர்கள்!