தாயின் மார்பே தகுந்த தொட்டில்

எடை குறைந்து பிறக்கும் சிசுவைத் தாயிடமிருந்து பிரித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பதே நெடுங்காலம் மருத்துவமனைகளின் வழக்கமாயிருந்தது. பெட்டிகள் போதாத இடங்களில் ஒன்றிலேயே இரண்டு மூன்று சிசுக்களைக் கிடத்த, நோய் தொற்றிப் பல மாண்டன. கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில் இவ்விடரைக் கண்ட டாக்டர் எட்கார் ரேய், 1978-ஆம் ஆண்டில், குழந்தையை மேனியோடு மேனி படத் தாயின் மார்பில் அணைத்துக் கட்டும் முறையைத் தொடங்கினார். கங்காருவின் பெயரால் அது வழங்கலாயிற்று.

ஆயினும், குழந்தை சற்றுத் தேறிய பின்னரே அவ்வாறு அணைத்து வந்தனர். பிறந்தவுடனேயே தொடங்கினால் என்ன? இவ்வினாவுக்கு விடை காண உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஐந்து நாடுகளில் ஆராய்ச்சி நடத்தியது. இந்தியாவில் அது நடைபெற்ற இடம் நமது தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையே. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட 3,211 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். வழக்கமான முறையில் பராமரிக்கப்பட்டோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர் 28 நாட்களுக்குள் இறந்தனர். உடனே அணைக்கப்பட்டோரில் 12 பேரே இறந்தனர். நன்மை தெளிவாகவே, ஆராய்ச்சியை முன்னதாகவே நிறுத்தினர். 2022-இல் அந்நிறுவனம் இம்முறையை உலகெங்கும் பரிந்துரைத்தது.

பிரசவத்துக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிமாரையும் தந்தைமாரையும் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. தீட்டென்று ஒதுங்கி நில்லாதீர்கள். தாய் களைத்திருக்கையில் நீங்களும் குழந்தையை மார்பில் ஏந்தலாம். தில்லியின் தை மாதக் குளிரில் அச்சூடு விலைமதிப்பற்றது. எனினும் இது வைத்தியத்துக்கு மாற்றன்று. குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உடல் சில்லிட்டாலும், மூச்சுத் திணறினாலும் கணமும் தாமதியாது மருத்துவமனைக்கு விரையுங்கள். வழியிலும் மார்போடு அணைத்தே செல்லுங்கள்.