இனிய நீரும் கொடிய நோயும்

நாரந்தனையிலும் அயலிலுள்ள தீவுகளிலும் தண்ணீரின் சுவை அறியாதார் இலர். ஒரு வளவுக் கிணறு உவராயிருக்கும். சிறிது தூரத்திலுள்ள மற்றொன்று இனிக்கும். அந்நீருக்காகக் குடம் சுமந்து நடந்தவர் எம் பெண்கள். சுவையான நீர் நல்ல நீர் என்பது எம்மவர் துணிபு. இத்துணிபினாலே உயிரிழந்த இலண்டன் மாது ஒருத்தியின் கதையை மாணவருக்கு நான் சொல்வதுண்டு.

1854 ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியிலே அந்நகரின் சோகோப் பகுதியில் வாந்திபேதி மூண்டது. பத்து நாளில் 500 பேருக்கு மேல் மாண்டனர். நச்சுக் காற்றே காரணமென வைத்தியர் பலர் நம்பினர். ஜோன் ஸ்நோ என்னும் வைத்தியரோ, இறந்தவர் எங்கே தண்ணீர் அள்ளினர் என்று வீடுதோறும் வினவினார். பெரும்பாலோர் புரோட் வீதியிலே பம்பு பூட்டிய கிணற்று நீரை அருந்தியவர். அயலிலே 535 பேர் வாழ்ந்த ஏழையர் விடுதியில் இறந்தவர் ஐவரே. அதற்குத் தனிக்கிணறு இருந்தது. அவ்வீதி மதுவடிசாலைத் தொழிலாளருள் ஒருவரும் இறந்திலர். அவர்கள் குடித்தது பியர். (இதனை மதுவின் பெருமையாகக் கொள்ளற்க!)

நோயே இல்லாத தொலைவூரில் ஒரு கைம்பெண் இறந்தாள். முன்னர் புரோட் வீதியில் வாழ்ந்த அவள், அக்கிணற்று நீரின் சுவையை மறவாமல் நாடோறும் அதனைத் தருவித்துப் பருகினாள். அவளைக் காணவந்து அந்நீரைக் குடித்த உறவுப்பெண்ணும் தன் ஊர் திரும்பி மாண்டாள். ஏடுகளை ஒப்புநோக்குவோர் இம்முறையை அறிவர்: இரு பிரதிகளில் ஒரே பிழை காணின், மூலவேடு ஒன்றென ஐயுறுவோம்.

செப்ரெம்பர் 8 ஆம் நாள் பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது. ஆதலின் கைபிடியைக் கழற்றியதே ஊரைக் காத்ததென்பது மிகை. ஸ்நோவின் கருத்தை ஏற்காது ஆராயப் புகுந்த வைற்ஹெட் என்னும் பாதிரியாரே பின்னர் அதற்குச் சான்று தந்தார். கிணற்றையடுத்த வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணி கழுவிய நீர் மலக்குழியிற் கொட்டப்பட்டிருந்தது. குழியின் சிதைந்த சுவரூடாக அது கிணற்றுக்குக் கசிந்தது. 1884 இலே ரொபேட் கொக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலே அந்நோய்க் கிருமியைக் கண்டார்.

எமது நிலமோ சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளூடாக அழுக்குநீர் விரைந்து கிணறு சேரும். நெருப்புக் காய்ச்சலும் இவ்வழியே வருவது. இக்கதையை முதலிற் படித்த அன்று, என் வளவிலே கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே கயிறு பிடித்து அளந்தேன். அன்றுதொட்டு எம் வீட்டிற் குடிப்பது கொதித்தாறிய நீரே. சுவை கெட்டதென்று வீட்டார் இன்றும் முணுமுணுப்பர்.